உதைத்த காலும் நின்ற காலும்

இந்த மாதக் கடைசியோடு நோயாளிகளைப் பிடித்து நடக்கவைக்கும் வேலையை விடுகிறேன். கணவருக்கு டெக்சாஸில் வேலை மாறிவிட்டது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் முதுகும் முன்போல ஒத்துழைப்பதில்லை. போன வாரம் இங்கே நியூஜெர்சியில் இதே வேலை பார்க்கிற நம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஐசலினில் எனக்கு விருந்து கொடுத்தீர்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது உங்களில் ஒருத்தி, கோயம்புத்தூரில் பிசியோதெரபி முடித்துவிட்டு இப்போதுதான் வந்திருப்பவள், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எத்தனை வருஷம் ஆனா இந்த பயம் போகும்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பும் வழியெல்லாம் அது என்னை அரித்தது. அவள் பேச்சுக்காகக் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை கிழித்துப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் ஒரு தடவையில் செய்து பழக்கமில்லை. அடுப்பை அணைத்துவிட்டேனா என்று மாடியிறங்கிய பிறகு திரும்பி ஏறுகிறவள் நான். என் மூத்த பெண் டேகேரில் இருந்த காலத்தில் தினமும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை அங்கே போன் பண்ணுவேன். அங்கிருந்த டீச்சர் என் குரல் கேட்டதுமே, நான் கேட்பதற்குள், "சாப்பிட்டாள், தூங்குகிறாள்" என்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் கையில், உலகக் கோப்பை கால்பந்து அமெரிக்காவில் நடந்த அந்தக் கோடையில், ஒரு பழைய கால்பந்து வீரரைக் கொடுத்தார்கள்.

நோயாளியின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர் என்றே சொல்கிறேன். வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு அங்கே பெரிய கிளப் ஒன்றில் கோல் அடிக்கும் இடத்தில் ஆடியிருக்கிறார். "இப்பதான் ஸ்ட்ரைக்கர்னு சொல்றாங்க. எங்க காலத்துல சென்டர் ஃபார்வர்டு" என்பார். பிறகு நியூஜெர்சியில் ஒரு மில் தன் டீமுக்காகக் கப்பல் டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டது. வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். வீட்டுச் சமையலறையில் விழுந்து இடது இடுப்பு எலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, நான் வேலை பார்த்த மறுவாழ்வு மையத்தின் கீழ்த்தளத்துக்கு வந்தார். கீழ்த்தளம் என்றால் நடக்கப் பழகி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு. மேல்மாடி என்றால் இனி வீட்டுக்குப் போகாதவர்களுக்கு. லிஃப்டில் மேலே போனவர்கள் யாரும் கீழே எங்கள் ஜிம்முக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அவர் வீட்டு வாசலில் படிகள் இருந்தன. கூட இருப்பது அறுபது தாண்டிய மகள் மட்டும். அப்பாவைத் தூக்க அவளால் முடியாது. படி ஏறி இறங்கினால் வீடு. இல்லையென்றால் மேல்மாடி. விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

முதல் நாளே தகராறு. நோயாளியை எழுப்பி நிறுத்தும்போது அவர் பாதம் வழுக்காமல் இருக்க நம் பாதத்தை அவர் பாதத்தோடு முட்டுக்கொடுக்க வேண்டும், நம் முழங்காலை அவர் முழங்காலுக்கு அணையாக வைக்க வேண்டும். கல்லூரியில் ஒருவரையொருவர் பிடித்துப் பழகியபோது எனக்கு அதில் சிரமமே இருந்ததில்லை. இங்கே வந்து, நரைத்த தலையைப் பார்த்தவுடன் என் கால் தானாகப் பின்னால் போய்விடும். பெரியவர்கள்மேல் கால் படுவதா? கையாலேயே எல்லாவற்றையும் தாங்கிவிடப் பார்ப்பேன். என் சூப்பர்வைசர் ஒரு வாரம் இதைக் கவனித்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உன் கை ரெண்டும் நோயாளிகிட்ட இருக்கு. கால் மட்டும் வெளியே போகிற வாசல்ல இருக்கு. யாராவது விழறதுக்கு முன்னாடி இதைச் சரிபண்ணு."

அதற்கு மறுநாள் வந்தவர்தான் பெரியவர். மனதைத் திடப்படுத்திக்கொண்டு என் பாதத்தை அவர் பாதத்தோடு வைத்தேன். ஷூ நுனி அவர் விரலில் பட்டது. அவ்வளவுதான், என்னை அறியாமல் குனிந்து அவர் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டேன்.

"என்ன அது?" என்றார். அவர் பேசியதையெல்லாம் நம் தமிழிலேயே சொல்கிறேன்.

"மன்னிப்பு கேக்கறது. எங்க ஊர்ல கால் பட்டா அப்படிச் செய்வோம்."

"யார் மேல பட்டாலுமா?"

"யார் மேல பட்டாலும்."

இருமல் வரும்வரை சிரித்தார். "பொண்ணே, நான் ஆளுங்க முழங்காலை உதைச்சே சோறு தின்னவன். உங்க ஊர்ல பொறந்திருந்தா குனிஞ்சு குனிஞ்சே முதுகு போயிருக்கும். கோல் எப்ப அடிக்கிறது?"

பக்கத்து மேஜையில் வேறொருவருக்குத் தோள் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த கல்பனா தமிழில் சொன்னாள்: "ஏய் சுமதி, அந்தத் தாத்தா உன்னை நல்லா ஓட்றாருடி." கல்பனா சென்னைக்காரி. எனக்கு ஒரு வருஷம் முன்னால் வந்தவள். இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போவோம். பயம் என்பதை அவள் கேள்விப்பட்டதில்லை.

பெரியவர் எனக்கு ரெஃபரி என்று பெயர் வைத்தார். அவர் இரண்டு அடி வைப்பதற்குள் "நில்லுங்க, நில்லுங்க" என்று நான் பிடித்து நிறுத்திவிடுவேன். "ரெஃபரி, இது என்ன ஃபவுல்? நடக்கறதே ஃபவுலா?" என்பார். கூடத்து டிவியில் மாட்ச் ஓடும்போது சக்கர நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டு, "அடிடா! அடியேன்டா! என்ன யோசனை?" என்று கத்துவார். என்னைக் கண்டால், "இதோ இன்னொரு யோசனைக்காரி" என்பார். அவர் அடித்த கோல்களின் கதை நாளுக்கு நாள் மாறும். "அப்பா, போன வாரம் இது தலையால அடிச்ச கோல்னீங்களே" என்பாள் மகள். "தலையாலயும் ஒண்ணு அடிச்சேன்" என்பார் அவர், கொஞ்சமும் அசராமல்.

நடை நன்றாகவே முன்னேறியது. மாட்டிக்கொண்டது படியில்.

இதற்கு ஒரு விதி உண்டு, உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நல்ல காலே உடம்பைத் தூக்க வேண்டும், நல்ல காலே உடம்பை மெல்ல இறக்க வேண்டும். பெரியவருக்கு இடது இடுப்பு உடைந்திருந்தது, ஆகவே வலது நல்ல கால். முதல் நாள் படுக்கவைத்து அந்த வலது காலைச் சோதித்தபோது என் உள்ளங்கையில் ஓர் உதை உதைத்தார். தொண்ணூறு வயதுக் கால் என்று சொல்ல மாட்டீர்கள். கல்பனா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஆனால் ஜிம்மில் இருந்த பயிற்சிப் படி முன்னால் நிறுத்தினால், ஒவ்வொரு தடவையும் இடது காலைத்தான் தூக்கி வைக்கப் போவார். உடைந்த காலை! "வலது, வலது" என்று நான் கத்துவேன். "ஆமா ஆமா, வலது" என்று சொல்லிவிட்டு மறுபடி இடதை எடுப்பார். நான் நிறுத்திவிடுவேன். வாரக்கணக்கில் இதேதான். ரிப்போர்ட்டில் நான் எழுதியது: சொன்னதைப் பின்பற்றுவதில்லை. அதைப் படித்த கேஸ் மேனேஜர், நல்ல மனசுக்கார இளைஞன், கவலையோடு வந்தான். இன்சூரன்ஸ்காரர்களுக்கு யார் எப்போது கீழே இருக்கலாம், யார் மேலே போக வேண்டும் என்று பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

"சுமதி, இவருக்கு ஞாபகம் நழுவுதோ? கோல் கதையும் தினம் மாறுது. சொன்னதும் மண்டையில ஏறலை. முன்னேற்றம் இல்லேன்னா அவங்க தெரபிக்குப் பணம் தர மாட்டாங்க. மேலே ஒரு ரூம் காலியாகுது. கேட்டு வைக்கட்டுமா?"

"கொஞ்சம் டைம் கொடு" என்றேன். எதற்காகக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் சொல்வது சரியாகத்தான் பட்டது. மேல்மாடியில் விழ மாட்டார். விழுந்தாலும் மணியடித்தால் ஆள் வரும். பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் புல்வெளியில் கணவர் குழந்தைக்கு ஒரு ரப்பர் பந்தை உதைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். நான் வழக்கம்போல, "மெதுவா, மெதுவா, விழுந்துடப்போறா" என்று பின்னாலேயே திரிந்தேன். சட்டென்று ஒன்று கண்ணில் பட்டது. அவர் வலது காலால் உதைக்கிறார். உடம்பு மொத்தமும் அந்த நேரம் இடது காலில் நிற்கிறது.

"என்னங்க, இடது காலால உதைங்க, பாக்கலாம்."

உதைத்தார். தடுமாறிக் கையைக் காலை ஆட்டி ஒருவழியாக நின்றார். குழந்தை கைதட்டியது. "இதுல என்ன இருக்கு? எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். எனக்கு அப்படியே விட்டுவிட முடியவில்லை.

மறுநாள் பந்தை ஜிம்முக்கு எடுத்துக்கொண்டு போனேன். பெரியவரை இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பிகள் இருக்கிற இடத்தில் நிறுத்தி, பந்தைக் காலடியில் வைத்தேன். அவர் முகம் மாறியதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உடைந்து ஒட்டிய இடது காலில் ஊன்றி நின்றுகொண்டு வலது காலால் ஒரு தட்டுத் தட்டினார். பந்து நேராகப் போய்க் கல்பனாவின் ஸ்டூலில் மோதியது. "கோல்" என்றாள் அவள்.

"இப்ப இடது காலால" என்றேன்.

"அது உதைக்கிற கால் இல்லை."

"சும்மா, மெதுவா ஒரு தட்டு."

அவர் இரண்டு கைகளும் கம்பியை இறுக்கின. தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார். யாராவது வருகிறார்களா என்று பார்க்கிற பார்வை. மிட்டாயை வாயில் ஒளித்துக்கொண்டு என் பெண் பார்க்குமே, அதே பார்வை. எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்த வலது முழங்கால்ல என்ன?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை. நல்லாருக்கு."

"இடது காலால உதைங்க அப்ப."

அவர் உதைக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்காரவைக்கச் சொன்னார். உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். இங்கிலாந்தில் ஆடிய கடைசி சீசனில், கோல் முன்னால், வலது காலை ஊன்றித் திரும்பும்போது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. சத்தம் தனக்கே கேட்டது என்றார். அந்தக் காலத்தில் அதற்கு ஆபரேஷன் ஏது? பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீக்கம் வடிந்தது. எதையாவது பிடித்து நேராக ஊன்றினால் தாங்கும், ஆனால் அந்தக் காலில் பாரம் போட்டுத் திரும்பினால், ஏறினால், முழங்கால் பிசகி மடங்கிவிடும். அங்கே டீமில் இடம் போயிற்று. அதே சமயம் இங்கிருந்து டிக்கெட் வந்தது.

"கப்பல்லயே நொண்டாம நடக்கப் பழகினேன். இங்க மில்லு டாக்டர் படுக்கவச்சு, உதைன்னான். உதைச்சேன். பிரமாதம்னு கையெழுத்துப் போட்டான். நீயும் அதைத்தானே பண்ணினே?"

என் காது சூடாகியது. "மறுபடி எப்படி ஆடினீங்க?"

"இடது கால்ல நிப்பேன். வலது கால்ல அடிப்பேன். வலது பக்கம் திரும்பவே மாட்டேன். அடிக்கிற காலைத்தான் எல்லாரும் பாப்பாங்க. என்னை மறிக்க வந்தவன் ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கலை. ஏன்? என் பொண்டாட்டிக்கே தெரியாது. மகளுக்கும் தெரியாது." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடாதே. காலு சரியில்லைன்னு தெரிஞ்சா அடுத்த சனிக்கிழமை டீம்ல நம்ம பேர் இருக்காது. உனக்குத் தெரியாது, ரெஃபரி. என்னை மாடிக்கு அனுப்பிடுவாங்க."

வாரக்கணக்கில் நான் அவரை எந்தக் காலால் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்? அவர் மறந்துபோகவில்லை. பிடிவாதமும் இல்லை. எழுபது வருஷமாக அவரைத் தாங்கிய கால் எது என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று வீடு திரும்பும்போது கல்பனாவிடம் சொன்னேன். அவள் ஃப்ரீவேயில் லேன் மாறிக்கொண்டே சொன்னாள்: "எழுதினேன்னு வை, ஒரு பக்கம் இடுப்பு, ஒரு பக்கம் முழங்கால், ரெண்டு காலும் அவுட்டுன்னு நேரா மாடிக்கு அனுப்பிடுவான். எழுதாம விட்டு அந்தாளு வீட்ல விழுந்தா, உன் தெரபி லைசென்ஸ் போச்சு. நல்லா மாட்டினடி."

"நீ என்ன பண்ணுவே?"

"நான் பந்தே எடுத்துட்டு வந்திருக்க மாட்டேன்."

குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே யோசித்தேன். சோறு வடித்துக்கொண்டே யோசித்தேன். எழுதினால் ஒரு மனிதர் என்னை நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுத்தது. எழுதாவிட்டால், அவர் மகள் ஒரு மழைநாளில், தெரியாமல், அவருடைய நல்ல கால் என்று நினைத்து அந்த வலது காலை முதலில் வைக்கச் சொல்வாள். அந்தக் காட்சி என் மனதில் வந்த பிறகு வேறு எதுவும் நிற்கவில்லை.

எழுதினேன். ஆனால் அத்தோடு விடவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரின் ஆபீசுக்குப் போன் செய்து, இடது காலில் முழு பாரம் போடலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போடலாம் என்றார்கள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை போன் செய்தேன், அதே பதில். படி ஏற இடது கால் முதலில் என்று எழுதினேன். இவரை ஜிம்மின் மரப்படியில் வைத்து முடிவு செய்ய முடியாது, வீட்டு வாசலில் பார்த்துத்தான் சொல்வேன் என்று எழுதினேன்.

பெரியவரிடமும் நானே போய்ச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "எதிர் டீம் ஆளு" என்றார். அதன் பிறகு நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். கல்பனா போய் அழைத்தால் வந்து பயிற்சி செய்வார். இடது காலை முதலில் வைத்து, யாரும் கத்தாததால், படி நன்றாகவே ஏறினார். கதவோரம் நின்று பார்த்துவிட்டு நான் வேறு வேலைக்குப் போய்விடுவேன். செய்தது சரியா என்று எனக்கு அப்போதும் தெரியாது.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நாள் வந்தது. காலையிலிருந்து தூறல். கிளம்பும் நேரத்தில் டேகேரிலிருந்து போன். முதல்முறையாக அவர்களே கூப்பிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துப்போக வேண்டும். கணவர் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போயிருந்தார். ஆபீசில் கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள்.

கேஸ் மேனேஜரிடம் நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினான். "இன்னைக்குள்ள நான் பதில் சொல்லணும், சுமதி. வேற யாராவது போனா என்ன?"

கல்பனாவைத் தவிர வேறு யார் போனாலும் விதிப்படி வலது காலைத்தான் முதலில் வைக்கச் சொல்வார்கள். நான் எழுதியதை யார் நிதானமாகப் படிக்கப் போகிறார்கள்? கையில் கல்பனாவிடம் வாங்கிய கார் சாவியோடு அப்படியே நின்றேன். அம்மா மனசு ஒரு பக்கம் இழுத்தது. நான் மாறிமாறி யோசிப்பதைப் பார்த்துக் கல்பனா சாவியைப் பிடுங்கினாள்.

"வாசல்ல பாத்துச் சொல்வேன்னு எழுதினவ நீ, நீதான் போகணும். குழந்தையை நான் போய்த் தூக்கிட்டு வரேன். என் கிட்டயும் டைலனால் இருக்கு. நீ போ."

"அவ புது ஆளுகிட்ட அழுவா. அந்த மருந்தும் எவ்வளவு..."

"அழட்டும்டி! அளவு பாட்டில்லயே போட்டிருக்கு. நான் மட்டும் என்ன எட்டாங்கிளாஸா? போ."

போனேன். வேனில் பெரியவர் என்னோடு பேசவில்லை. நான் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு, குழந்தையின் நெற்றியை நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் மகள் குடையோடு நின்றாள். சிமெண்டுப் படிகள், ஒரு பக்கம் மட்டும் இரும்புக் கைப்பிடி. மகள் முன்கூட்டியே ஒரு பழைய டவலால் ஈரத்தை ஒற்றி வைத்திருந்தாள். பெரியவரின் இடுப்பில் பட்டையைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டேன். கேஸ் மேனேஜர் ஒதுங்கி நின்று பார்த்தான்.

முதல் படி. இடது கால், பிறகு வலது. அடுத்த படி. அதேபோல. மகள் மூச்சை விடாமல் நின்றாள். கேஸ் மேனேஜர், உதவி செய்கிற எண்ணத்தில்தான், குரல் கொடுத்தான்: "சார், நல்ல கால் முதல்ல! வலது கால்!"

பெரியவர் நின்றார். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அவருடைய பேரை டீமில் எழுதப் போகிறவன் அவன்தானே? "ஆமா, வலது" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வலது காலை மேல்படியில் வைத்து உடம்பைத் தூக்கினார்.

முழங்கால் உள்பக்கமாகச் சரிவது என் கைக்குப் பட்டையில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்தது. யோசிக்கவில்லை. என் காலை எடுத்து அவர் பாதத்துக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்து, என் முழங்காலை அவர் முழங்காலுக்கு அணையாகக் கொடுத்தேன். மொத்த பாரமும் என்மேல் வந்தது. அவர் பிடித்த இறுக்கத்தில் கைப்பிடி கிறீச்சிட்டது.

"போதும்" என்றான் கேஸ் மேனேஜர், முகம் வெளுத்து. "போதும், சுமதி. இறக்கிடலாம். நாற்காலியைக் கொண்டு வரேன்."

எனக்குள்ளிருந்த அத்தனை குரல்களும் அதையேதான் சொல்லின. இறக்கிவிடு. யாரும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். மகள் குடையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இப்போது இறக்கினால் அவர் மறுபடி இந்தப் படியை மிதிக்கப் போவதில்லை. ஆனால், இறக்கச் சொல்வது எந்தக் காலைப் பார்த்து? அவருக்குத் தெரிந்த காலைப் பார்த்தா, இந்தப் பையன் கேட்ட காலைப் பார்த்தா?

"நாற்காலி வேண்டாம். யாரும் பேசாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் காதருகே சொன்னேன்: "வலது காலை இறக்குங்க. நான் பிடிச்சிருக்கேன். அவருக்காக ஆடாதீங்க. நீங்க எப்பவும் ஆடற மாதிரி ஆடுங்க."

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ரெஃபரி விசில் அடிக்கலையா?"

"இன்னும் அடிக்கலை."

வலது காலை இறக்கினார். ஒரு கணம் நின்றார். இடது காலை மேலே வைத்தார். உடைந்து ஒட்டவைத்த அந்தக் கால் அவரை மெல்ல, நடுங்காமல், தூக்கியது. அடுத்ததும் அப்படியே. வாசற்கதவைப் பிடித்து நின்றபோது மூக்கு நுனியில் மழைத்துளி தொங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"இறங்கியும் காட்டணும்" என்றேன். நானா சொன்னேன்? நான்தான். இந்தத் தடவை வலது கால் முதலில் கீழே, இடது கால் பாரத்தை வைத்துக்கொண்டு பின்னால். இறங்கினார். மறுபடி ஏறினார். என் கால் அவர் காலை ஒட்டியே கூட வந்தது.

உள்ளே நாற்காலியில் உட்காரவைத்து, அந்த வலது முழங்காலின் கதையை மகளிடம் சொன்னேன். அவள் துண்டால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: "முழங்கால் விஷயத்தை என்கிட்ட ஏன்பா சொல்லவேயில்லை? இத்தனை வருஷமா?"

"நீ அந்த மில் மானேஜர்கிட்டச் சொல்லிட்டேன்னா?" என்றார்.

"அந்த மில்லை இடிச்சு எவ்வளவோ காலமாச்சுப்பா."

"அப்ப இனிமே சொல்லலாம்" என்றார்.

கேஸ் மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, தான் குறுக்கே பேசியிருக்கக் கூடாது என்றான். எந்தக் கால் முதலில் என்று ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டச் சொல்லலாமா என்று கேட்டான். மகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும் என்றேன். மேலே அந்த ரூம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னான்.

சமையலறைப் போனில் கல்பனாவைக் கூப்பிட்டேன். அவசரத்தில் முதலில் தப்பாக அழுத்தினேன்.

"காய்ச்சல் இறங்கியிருக்கு. என் கார் சீட்ல வாந்தி எடுத்துட்டு, இப்ப என் மடியில தூங்கறா. உன் தாத்தா?"

"ஏறிட்டாரு" என்றேன்.

ஐசலினில் கேட்ட தங்கைக்குச் சொல்கிறேன். அந்தப் படியில் என் கால் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்கினாலும் அவர் முழங்காலை விட்டு நகரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்கும் ஒரு புது நோயாளி முன்னால் எனக்கு அந்த பயம் வருகிறது. எந்தக் கால் உடைந்தது என்று மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். அந்த மனிதர் இத்தனை நாள் எந்தக் காலில் நின்றார் என்று நீ கேள். கேட்டதும் சொல்லிவிட மாட்டார்கள்.

கிளம்பும்போது பெரியவரிடம் விடைபெறப் போனேன். எழுந்து வழியனுப்புவேன் என்று அடம்பிடித்தார். மகளும் நானும் பிடித்து எழுப்பினோம். வாக்கரைப் பிடித்து ஓர் அடி வைத்தபோது அவருடைய வலது ஷூ என் பாதத்தில் இடித்தது, சற்று பலமாகவே.

நின்றார். குனிய முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்தார். நான் "நில்லுங்க" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அந்தக் கையால் என் தோளைத் தொட்டு, விரல்களைக் கொண்டுபோய்த் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுவரைக்கும் உதைச்ச அத்தனை பேருக்கும் சேர்த்து" என்றார்.